மறுத்துப் பார்த்தல்

மாங்குளம் சந்தியில், நான் வேலை செய்யும் கடையில்,
போட்டோக் கொப்பி மெஷின் சூடாக நான்கு நிமிடம் வேண்டும்.
அதற்குள் ஒரு நுண்ணறிவு வினாவைச் செய்துவிடுவேன்.

இன்றைக்குப் பத்திநாதர் சேரின் மாதிரித் தாள்.
ஒரு பக்கம் மட்டும், நாற்பது பிரதி.
நாற்பது பேர் வருவார்கள் என்பது அவருடைய எடுகோள்.

வினா பதினொன்று:
வாசலில் ஒரு பலகை. 'நாய் கடிக்கும், கவனம்.'
எழுதியவர் சொல்லாமலே நம்பியிருப்பது எது?
நாய்க்குக் கோபம் அதிகம் என்பதா,
வீட்டுக்குள் நகை இருக்கிறது என்பதா,
வருகிறவருக்கு வாசிக்கத் தெரியும் என்பதா?

யோசிக்கவே இல்லை, மூன்றாவது.
பனிக்கன்குளத்துக்கு அப்பால் அப்போது
சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்து
கீழே மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள்.
செல்லத்துரையரின் சிவலைப் பசு
புல் நல்லாயிருந்த பக்கமாகப் போனது.

விடைகளின் அடியில், எறும்பு எழுத்தில், ஒரு குறிப்பு:
'சந்தேகமெனில் எடுகோளை மறுத்துப் பார்க்க.
வாதம் விழுந்தால் அதுவே தூண்.
விழாவிட்டால் வெறும் சோடனை.'

அதை வாசித்ததிலிருந்து எனக்கு வேறு வேலையில்லை.

ஒலுமடுவில் ஐந்து பத்து பஸ்ஸைப் பிடித்தால்
கிளிநொச்சி மண்டபத்துக்கு நேரத்தோடு போய்விடலாம்.
மறுக்கிறேன்: பஸ் நேரத்துக்குப் போகாது.
விழுகிறது. போன தடவை விழுந்தே விட்டது.
நடுவீதியில் யானை.
யானைக்குப் பின்னால் பஸ்.
பஸ்ஸுக்குள் பீடி பற்றவைக்கும் டிரைவர்.
இருபது நிமிடம் பிந்தினேன், இரண்டு புள்ளியால் விட்டேன்.
அந்த இரண்டு புள்ளி
அந்த இருபது நிமிடத்துக்குள்தான் இருந்தது என்பதும்
ஓர் எடுகோள். அதை மட்டும் நான் தொடுவதில்லை.

'மின்வேலி போட்டாச்சு, இனி யானை வராது.'
மறுக்க முதலே கரண்ட் போய்விட்டது.
மெஷின் இருபத்து மூன்றாவது பிரதியைப்
பாதி விழுங்கியபடி நிற்கிறது.

இருட்டுக்குள் புவனமலர் அக்கா வந்தா,
காணிப் படிவத்தோடு.
'நிரந்தர முகவரி எண்டு கேக்கிறான். எதைப் போட?'
இருவருமாக விரல் மடித்து எண்ணினோம்.
எனக்குப் பதினொன்று.
அவவுக்குப் பதினாலு, அதில் இரண்டு மரநிழல்.
'என்ன மரம் எண்டும் போடவோ?'
கடை முழுக்கச் சிரித்தோம்.
பிறகு நான் மறுத்துப் பார்த்தேன்:
நிரந்தரம் என்று ஒன்றில்லை.
படிவம் விழவில்லை.
பெட்டியின் நான்கு கோடும் நேராகவே நின்றன.
குறிப்பின்படி பார்த்தால்
நாங்கள் இருந்த இடமெல்லாம் சோடனை.

வர்த்தமானியில் இன்னொரு வரி:
முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவராக இருத்தல் வேண்டும்.
எல்லா வருடமும் ஒரே நீளம் என்று நம்பி
யாரோ கொழும்பில் எழுதியிருக்கிறார்கள்.
சாதாரண தரத்தையே நான் இருபதில் எழுதினேன்.
இப்போது முப்பத்து நான்கும் ஏழு மாதமும்.
இதை மறுத்தால் என்ன விழும் என்று
கேட்க ஒரு கவுண்டரும் இல்லை.

ஞாயிறு வகுப்புக்கு இருபத்தாறு பேர் வந்தார்களாம்.
சேர் மிச்சம் பதினாலையும் திருப்பித் தந்தார்.
காசை நானும் திருப்பிக் கொடுக்கவில்லை,
அவரும் கேட்கவில்லை.
வெற்றுப் பின்பக்கங்களில் கடைக் கணக்கு எழுதுகிறேன்:
கொப்பி பன்னிரண்டு, லமினேற் ஒன்று,
புவனமலர் அக்கா கடன்.

நாளைக்கு மூன்றாந் தடவை.
பென்சில் இரண்டு சீவி வைத்திருக்கிறேன்.
இரண்டாவது பென்சிலின் எடுகோள்
முதலாவது முறியும் என்பது.
முதலாவதற்கும் ஒன்று இருக்கிறது.
மறுத்துப் பார்க்காமல் படுத்துவிட்டேன்.